கப்பலேறிய பாட்டும் கரையில் நின்ற பாட்டும்

அயர்லாந்து தேசத்தின் டிப்பரேரி ஜில்லாவில் உள்ள நீனா என்னும் சிற்றூரின் ஜெபமாலை மாதா கோயிலில், 2023ஆம் வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி, ஷேன் மக்கவன் என்ற பாடகரின் சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்க, தேசத்தின் ஜனாதிபதியும் நாலா திசைகளிலிருந்தும் வந்த கலைஞர்களும் கோயிலை நிறைத்திருக்க, முப்பத்தாறு வருஷங்களுக்கு முன் அவர் பாடிப் பிரசித்தமாக்கிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை நண்பர்கள் வாத்தியங்களோடு பாடத் தொடங்கியதும், துக்கம் காக்க வேண்டிய உறவினர்களே எழுந்து பீடத்தின் முன் நடனமாடினார்கள். இவ்வளவு மரியாதையும் பெற்ற அந்த மனிதர் பிறந்தது அயர்லாந்தில் அல்ல, இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில். அவருடைய 'போக்ஸ்' கோஷ்டி உருவானதும் டப்ளினில் அல்ல, லண்டனில், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில். வேறொரு தேசத்தில் பிறந்து, அந்த வேறு தேசத்தின் தலைநகரிலேயே தம் வித்தையைப் பழகிய ஒருவரை ஒரு தேசம் தன் சொந்தக் கவியாக வரித்துக்கொண்டது என்றால், அதற்குக் காரணம் அந்தச் சங்கீதத்தின் சரித்திரத்திலேயே இருக்க வேண்டும். சமீப வருஷங்களில் வெளிவந்த ஐரிஷ் இசைத்தட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்த நான் அங்கிருந்து ஆரம்பிப்பதற்கு அதுவே நியாயம்.

'கெல்டிக் பங்க்' என்று இன்று பெயர் பெற்றிருக்கும் இந்தப் பாணி 1982ஆம் வருஷத்தில், மேற்சொன்ன கோஷ்டியோடு பிறந்தது. பங்க் என்பது அதற்கு ஐந்தாறு வருஷங்களுக்கு முன் லண்டனைக் கலக்கிய, மூன்று ஸ்வரக் கூட்டுகளையும் அடக்கவொண்ணாத கோபத்தையும் மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஓர் இரைச்சல் சங்கீதம். ஐரிஷ் நாட்டுப்பாடலோ, நூற்றாண்டுகளாகச் செவி வழியாக வந்து, பிடிலிலும் குழலிலும் முழங்கைக்கடியில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் பையிசைக் கருவியிலும் தேர்ச்சி பெற்ற வித்வான்களால் பேணப்பட்ட சம்பிரதாயம். இந்த இரண்டும் ஒட்டாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நான்கு எண்ணிக்கையில் ஓடும் 'ரீல்' என்ற நடன மெட்டும், நம்முடைய திஸ்ர நடையை ஒத்துத் துள்ளும் 'ஜிக்' என்ற மெட்டும், ஆடுகிறவர்களின் கால்களுக்கு ஏற்ற வேகத்தில் வாசிக்கப்படும்போது, பங்க் தாளத்தின் ஓட்டத்தோடு ஏறக்குறைய இயல்பாகவே பொருந்திவிடுகின்றன என்பதை மக்கவனும் அவருடைய சகாக்களும் கண்டுகொண்டார்கள். எலெக்ட்ரிக் கிட்டார் ஆட்சி செலுத்திய காலத்தில் அவர்கள் பான்ஜோவையும் அக்கார்டியனையும் கையில் எடுத்தார்கள். டின் விசில் ஊதும் ஸ்பைடர் ஸ்டேசி, பீர்க் கோப்பை ஏந்தும் தட்டினால் தம் தலையிலேயே அடித்துக்கொண்டு தாளம் போட்டார். கோமாளித்தனம் என்று சிரித்தவர்கள் 1985இல் வந்த அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டைக் கேட்ட பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

லண்டனில் அந்தக் காலத்தில் ஐரிஷ்காரராக வாழ்வது சுகமான காரியமல்ல என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஐரிஷ் புரட்சிப் படையினரின் வெடிகுண்டுகளுக்குப் பதிலடியாக 1974இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அவசர அவசரமாக நிறைவேற்றிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தினால், ஐரிஷ் உச்சரிப்போடு பேசுகிற எவனும் போலீஸாரின் சந்தேகத்துக்கு ஆளாகக்கூடிய நிலைமை இருந்தது. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காக ஆறு நிரபராதிகள் 1975இல் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்தார்கள். அவர்களுக்காகப் போக்ஸ் கோஷ்டியார் பாடிய பாட்டை 1988இல் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு தடை செய்தது. மூன்று வருஷங்கள் கழிந்து, 1991இல், நீதிமன்றமே அந்த ஆறு பேரையும் விடுவித்தது. பாட்டுக்காரன் முன்கூட்டிச் சொன்னதை நீதிபதிகள் பின்னால் வந்து ஒப்புக்கொண்டார்கள். மது, சண்டை, தனிமை, ஊர் நினைவு என்று அவர்கள் பாடியவை யாவும் கட்டட வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் கடல் தாண்டி வந்த ஜனங்களின் அன்றாட விஷயங்களாக இருந்தபடியால், அந்த ஆரவாரத்துக்கு உள்ளே ஓர் எலும்பு இருந்தது.

சம்பிரதாய வித்வான்கள் சும்மா இருக்கவில்லை. புனிதமான சங்கீதத்தைக் குடிகாரர்கள் தெருவில் இழுக்கிறார்கள் என்று அயர்லாந்தின் வானொலி விவாதத்திலேயே கடுமையான கண்டனம் எழுந்தது. எனக்கு அந்தக் கண்டனத்தில் மரியாதை உண்டு, சம்மதம் இல்லை; ஏனெனில் ஐரிஷ் சங்கீதம் அயர்லாந்தின் எல்லைக்குள்ளேயே பத்திரமாக இருந்து வந்தது என்பது சரித்திரத்துக்கு விரோதமான எண்ணம். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள், ஏறக்குறைய அதே தொகையினர் கப்பலேறினார்கள். அந்தத் தீவின் ஜனத்தொகை 1841இல் இருந்த கணக்கை இன்றுவரை திரும்ப எட்டவில்லை. ஜனங்கள் போன இடத்துக்கு மெட்டுகளும் போயின. கார்க் ஜில்லாவில் பிறந்து சிகாகோ நகரப் போலீஸ் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓநீல், தம் படையில் சேர்ந்திருந்த ஐரிஷ் வாத்தியக்காரர்களிடமிருந்தும் பிறரிடமிருந்தும் கேட்டுக் கேட்டு, 1903இல் 1850 மெட்டுகளை அச்சிட்டார். 1907இல் அவர் வெளியிட்ட ஆயிரத்தோரு நடன மெட்டுகளின் தொகுதியை அயர்லாந்தின் கிராமத்து வித்வான்கள் வெறுமே 'புத்தகம்' என்றே சொல்லி வந்தார்கள். அயர்லாந்தின் ஸ்லைகோ ஜில்லாவிலிருந்து 1914இல் அமெரிக்கா சென்ற மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் 1920களில் பதிவு செய்த பிடில் தட்டுகள் கப்பலில் ஊர் திரும்பி, அயர்லாந்து முழுவதிலும் பிடில் வாசிக்கும் முறையையே மாற்றிவிட்டன. அதே சமயத்தில் தாய்நாட்டில் நடந்தது என்ன? பாதிரிமார்களின் வற்புறுத்தலால் 1935இல் வந்த நடன மண்டபச் சட்டம், வீட்டுக் கூடத்தில் அண்டை அயலார் கூடி ஆடுவதையும் குற்றமாக்கப் பயன்பட்டது. ஊரில் வாசலைச் சாத்தியபோது பாட்டைக் காப்பாற்றியவர்கள் ஊரை விட்டுப் போனவர்களே.

இந்த மெட்டுகள் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்யும் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. கார்க் ஜில்லாவிலுள்ள மல்லோ என்ற ஊரின் உல்லாசப் புருஷர்களைப் பற்றிய ஒரு பழைய ஐரிஷ் நடன மெட்டு, கும்பினிப் படைகளின் பாண்டு வாத்தியங்களோடு சென்னைப் பட்டணத்தை அடைந்து, முத்துசாமி தீட்சிதரின் செவியில் விழுந்து, 'வந்தே மீனாக்ஷி' என்ற நோட்டுஸ்வர சாகித்தியமாக மறுபிறப்பு எடுத்தது. அதைப் பாடுகிற குழந்தைகளுக்கு அது குடியர்களின் மெட்டு என்று தெரியாது, தெரிந்தாலும் தோஷமில்லை.

ஆகவே கடல் தாண்டிப் பிறந்தது என்ற ஒரு காரணத்துக்காக எந்தப் பாட்டையும் போலி என்று தள்ளுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஆனால் கடல் தாண்டிய பாட்டுக்கு வேறொரு அபாயம் உண்டு, அது வேஷமாகிவிடுவது. போக்ஸ் கோஷ்டியாரின் வழியைப் பின்பற்றி அமெரிக்காவில் எழுந்த குழுக்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, டப்ளினில் பிறந்த டேவ் கிங் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து 'மாலி மலோன்ஸ்' மதுச்சாலையில் வாரந்தோறும் வாசித்து வளர்த்த 'பிளாகிங் மாலி'. மற்றொன்று, 1996இல் பாஸ்டனை ஒட்டிய குவின்சியில் பிறந்த 'டிராப்கிக் மர்பீஸ்'. இவர்களையும் இவர்களைப் பார்த்துக் கிளம்பிய எண்ணற்ற சிறு கோஷ்டிகளையும் கேட்கும்போது, பச்சைத் தொப்பி, மூவிலைப் புல், கறுப்பு பீர், தூக்கிய கைமுட்டி என்ற நான்கு பொருள்களுக்குள் ஒரு தேசத்தின் ஆயிரம் வருஷத்து வாழ்க்கையையும் அடக்கிவிட முடியும் என்று நம்புகிறவர்கள் இவ்வளவு பேரா என்ற அலுப்பு வருவதுண்டு. மார்ச் 17ஆம் தேதி புனித பாட்ரிக் திருநாளன்று அமெரிக்க நகரங்களில் விற்பனையாகும் அயர்லாந்து அந்த அயர்லாந்துதான்.

ஒரே பாட்டை இரண்டு குழுக்கள் எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் விஷயம் துலக்கமாகும். 'வைல்ட் ரோவர்' என்பது ஐரிஷ் மதுச்சாலைகளில் இரவு முதிர்ந்ததும் எல்லோரும் மேஜையைத் தட்டிப் பாடும் பாட்டு. அதன் கதையோ வேறு: கையிலிருந்த காசையெல்லாம் குடித்தே தொலைத்த ஊர்சுற்றி ஒருவன், மதுச்சாலைக்காரியிடம் கடன் கேட்டு மறுக்கப்பட்டு, பிறகு பொற்காசைக் காட்டியதும் அவள் முகம் மாறுவதைக் கண்டு, இனி இந்த வழியில் போவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்கிறான். குடியை விட்டவனின் பச்சாத்தாபத்தைக் குடித்துக்கொண்டே பாடுகிறார்கள் என்பது மனித சுபாவத்தின் வினோதங்களில் ஒன்று. டிராப்கிக் மர்பீஸ் 2001இல் வெளியிட்ட இசைத்தட்டில் இந்தப் பாட்டு கால்பந்து மைதானத்துக் கோஷம் போலப் பாய்கிறது. உற்சாகத்துக்குக் குறைவில்லை, கதை மட்டும் காணாமற்போகிறது. 2019இல் டப்ளின் நகரத்து 'லாங்கம்' குழுவினர் அதே பாட்டைத் தங்கள் இசைத்தட்டின் முகப்பில் வைத்தபோது, அது பத்து நிமிஷங்களுக்கு மேல் நீண்டது. ரேடி பீட் என்ற பெண்மணி, மெருகேதும் பூசாத முரட்டுக் குரலில், அடிக்கு அடி நின்று நின்று பாடப்பாட, கீழே சுருதி கனத்துக்கொண்டே போய், கடைசியில் அந்த ஊர்சுற்றி வீடு திரும்புவானா மாட்டானா என்ற சந்தேகம் கேட்பவரைப் பிடித்துக்கொள்கிறது. பாட்டின் சொற்கள் அவைதாம். அவற்றின் அர்த்தம் அன்றுதான் பலருக்கு முதன்முதலாகக் காதில் விழுந்திருக்கும்.

இப்படிச் சொல்வதனால் பாஸ்டன்காரர்களைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று கொள்ளலாகாது. சொல்லப்போனால், கடந்த சில வருஷங்களில் அவர்கள் செய்திருக்கும் காரியம் என் அபிப்பிராயத்தைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் ஏழைகளைப் பாடிய மகாகவி என்று சொல்லத்தக்க உடி கத்ரி எழுதி, மெட்டமைக்காமல் விட்டுச் சென்ற பாடல்களை அவர் குமாரியின் அனுமதியோடு பெற்று, மின்சாரக் கிட்டார்களை ஒதுக்கி வைத்து, கத்ரி பிறந்த ஓக்லஹோமா மாகாணத்திலேயே பதிவு செய்து, 2022இலும் 2023இலும் இரண்டு இசைத்தட்டுகளாக அவர்கள் வெளியிட்டார்கள். சுரண்டலையும் தொழிற்சங்கத்தையும் பற்றிய அந்தச் சொற்கள் பச்சைத் தொப்பிக்கு இடம் வைக்கவில்லை. பிறகு 2025ஆம் வருஷம் ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கச் சுதந்தர தினத்தன்று, 'ஃபார் தி பீப்பிள்' என்ற புதிய தொகுதியை வெளியிட்டார்கள். அதில் மேல்தட்டின் பேராசையைப் பற்றிய கோபம் இருக்கிறது. பாடகர் கென் கேசி தம் பாட்டனாரை நினைத்துப் பாடியதும் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்த பையன் நேரே சுரங்கத்துக்குள் இறங்குவதைப் பற்றி யுவன் மக்கால் இயற்றிய பாட்டை ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராக்குடன் சேர்ந்து பாடியதும் இருக்கிறது. மக்கவனோடு சேர்ந்து அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிய கர்ஸ்டி மக்கால், இந்த யுவன் மக்காலின் மகள்; குடும்பங்கள் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இந்தத் தொகுதியின் பின்னணியைத் தெரிந்துகொண்டால்தான் அதன் துணிச்சல் விளங்கும். பஞ்சம் பிழைக்க வந்த பரதேசிகள் என்று பாஸ்டனில் ஒரு காலத்தில் விரட்டப்பட்ட ஐரிஷ்காரர்களின் பேரர்களே, 1974இல் நீதிமன்ற உத்தரவின்படி கறுப்பினக் குழந்தைகள் தங்கள் பேட்டைப் பள்ளிகளுக்குப் பஸ்ஸில் வந்தபோது, தெருவில் திரண்டு அந்தப் பஸ்களின் மேல் கல்லெறிந்தவர்கள். பட்டினியின் ஞாபகம் ஒருவனை இரக்கமுள்ளவனாக்கும் என்பது நிச்சயமில்லை. சில சமயங்களில் அடுத்து வருகிறவனைத் தள்ளிக் கதவடைக்கவும் அதே ஞாபகம் உபயோகப்படுகிறது. இக்குழுவின் ரசிகர்களிலும் அப்படிப்பட்டவர்கள் ஏராளம் என்பது கேசிக்குத் தெரியும். 2025 மார்ச்சில் புளோரிடாவில் நடந்த கச்சேரியில், புலம்பெயர்ந்தோரைத் துரத்தும் கட்சியின் பனியனை அணிந்து முன்னால் நின்ற ஒரு ரசிகரை மேடையிலிருந்தே அழைத்து, எங்கள் பனியன் அமெரிக்கத் தொழிலாளி தைத்தது, உம்முடையது எங்கே தைத்தது, பந்தயம் கட்டலாமா என்று கேட்டார். கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்த்தபோது அது அயல்நாட்டில் தைத்ததாக இருந்தது. திட்டாமல், அடிக்காமல், ஒரு துணிச் சீட்டைக் கொண்டு ஒரு வாதத்தை முடித்து, தோற்ற ரசிகருக்குத் தங்கள் பனியனையும் கொடுத்து அனுப்பினார். இசை என்ற அளவில் 'ஃபார் தி பீப்பிள்' புதிய பாதை எதையும் வெட்டவில்லை. பாதிப் பாட்டுகளை முன்பே கேட்டாற்போலத்தான் இருக்கும். இருந்தாலும் தன் கூட்டத்தாருக்கே பிடிக்காததைத் தன் கூட்டத்தாரின் முகத்துக்கு நேரே பாடுகிறவனுக்குச் செவி கொடுப்பது நம் கடமை. பிளாகிங் மாலி 2022இல் வெளியிட்ட 'ஆந்தம்', ஸ்டீவ் ஆல்பினியின் சுத்தமான ஒலிப்பதிவினால் காதுக்கு இதமாயிருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் விசேஷமாக எதுவும் இல்லை.

இனித் தாய்நாட்டுக்கு வருவோம். 2023 மார்ச்சில் வெளிவந்த லாங்கம் குழுவின் 'ஃபால்ஸ் லாங்கம்', என் மதிப்பில், மக்கவனின் நல்ல நாட்களுக்குப் பிறகு ஐரிஷ் சங்கீதத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய காரியம். மொத்தம் 70 நிமிஷங்கள். பெரும்பாலும் பழைய கதைப் பாட்டுகள். காதலில் வஞ்சிக்கப்பட்டு இறந்த பெண், கடலில் பாவியைச் சுமந்து தத்தளிக்கும் கப்பல், விஷத்தால் மாண்ட மகன் என்று, பாட்டிமார்கள் அடுப்பங்கரையில் பாடி வைத்த பயங்கரங்கள். அவற்றை அழகுபடுத்தி விற்பதற்குப் பதிலாக, அவற்றிலுள்ள பயத்தை வெளியே கொண்டுவருவதற்கு இந்த நால்வரும் ஒலிப்பதிவாளர் ஜான் மர்பியும் பாடுபட்டிருக்கிறார்கள். 'மாஸ்டர் கிரௌலீஸ்' என்ற நடன மெட்டைக் கேளுங்கள்: கான்செர்டினாவில் மிக இயல்பாக, ஏதோ ஒரு கிராமத்துச் சமையலறையில் வாசிப்பதுபோல் தொடங்குகிறது, மெட்டு சுற்றிச் சுற்றி வர, அடியில் எங்கிருந்தோ ஒரு முரட்டுத் தாளம், ஆலையில் சம்மட்டி விழுவதைப் போல, எழும்பி மெட்டை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. நடனமாடுகிறவன் கால் எங்கே வைப்பான்? போக்ஸ் கோஷ்டியார் பங்க்கின் வேகத்தைக் கடன் வாங்கினார்கள். லாங்கம் குழுவினர் அதன் கோபத்தை எடுத்துக்கொண்டு வேகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பங்க் கோஷ்டிகளில் பழகி வளர்ந்தவர்கள் இக்குழுவில் இருக்கிறார்கள் என்பது அதனாலேயே தெரிகிறது.

'ஃபான்டெய்ன்ஸ் டி.சி.' என்ற டப்ளின் இளைஞர்களின் வழி இன்னொன்று. டப்ளின் தெருக்களைப் பாடி 2019இல் புகழ் பெற்ற இவர்கள் பின்னர் லண்டனில் குடியேறினார்கள். அந்தக் குடியேற்றத்தின் குற்றவுணர்ச்சியும் ஆத்திரமும் 2022இல் வெளிவந்த 'ஸ்கின்டி ஃபியா' முழுவதும் நிறைந்திருக்கின்றன. அதன் முதல் பாட்டின் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் நெடுநாள் வாழ்ந்து மறைந்த ஓர் ஐரிஷ் மூதாட்டியின் கல்லறையில், என்றும் எங்கள் நெஞ்சில் இருப்பாய் என்ற பொருள்பட ஐரிஷ் பாஷையில் ஒரு வரி பொறிக்க அவர் குடும்பத்தார் விரும்பினார்கள். ஆங்கிலத் திருச்சபையின் நீதிமன்றம், கூடவே மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அதை அரசியல் கோஷமாக யாரேனும் நினைத்துவிடக்கூடும் என்று 2020இல் மறுத்தது. 2021இல் மேல்முறையீட்டில்தான் அனுமதி கிடைத்தது. ஒரு தாயின் கல்லறை எழுத்தைக் கண்டு அஞ்சுகிற சமூகத்தில் வாழ்கிறோம் என்ற உணர்ச்சியை, அந்த ஐரிஷ் வரியையே தேவாலயக் கூட்டிசைபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து இவர்கள் பாடியிருக்கிறார்கள். இந்த இசைத்தட்டு பிரிட்டனிலேயே முதலிடம் பெற்றது. 2024இல் வந்த 'ரொமான்ஸ்' தொகுதியிலோ ஐரிஷ் அடையாளம் எதையும் தேடிப் பிடிக்க முடியாது. பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் ரயில் நிலையத்தில் நேர்ந்த மனக்கலக்கத்திலிருந்து பிறந்த பாட்டில், மூச்சுத் திணறி உள்ளிழுக்கும் ஓசையே பல்லவிக்கு நடுவே தாளமாக விழுகிறது. அயர்லாந்தைப் பற்றியே பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை உதறியதற்காகச் சிலர் இவர்கள்மேல் வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை, ஓர் ஐரிஷ் இளைஞன் தன் மூச்சைப் பற்றிப் பாடினால் அதுவும் ஐரிஷ் பாட்டுதான்.

சொல்லாமல் விடக்கூடாதவர்கள் இன்னும் சிலர். டண்டாக் ஊரின் 'மேரி வாலப்பர்ஸ்', 2023இல் வெளியிட்ட தொகுதியில், பழைய மதுச்சாலைப் பாட்டுகளை வேஷமில்லாமல் கலகலப்பாகப் பாட முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்; டிராப்கிக் மர்பீஸின் புதிய தொகுதியிலும் அவர்கள் குரல் கொடுத்திருப்பது கடலின் இரு கரைகளும் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டதற்கு அறிகுறி. பெல்ஃபாஸ்ட் நகரத்து 'நீகேப்' மூவர் 2024இல் 'ஃபைன் ஆர்ட்' தொகுதியில் ஐரிஷ் பாஷையை ஆங்கிலத்தோடு கலந்து ராப் பாடுகிறார்கள். ராக் இசையின் எல்லைக்கு அவர்கள் சற்று வெளியே நின்றாலும், வீட்டுப் பாஷையை இளைஞர்களின் வாயில் கொண்டுவந்த கைங்கரியம் அவர்களுடையது. யு2 கோஷ்டியார் 2023இல் தங்கள் பழைய பாட்டுகள் நாற்பதை மெதுவாகப் பாடி மறுபதிப்புச் செய்தார்கள். அதைப் பற்றி எழுதுவதைவிடப் பழைய தட்டுகளையே எடுத்துக் கேட்பது மேல்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பின் என் தீர்ப்பு இது: பாஸ்டனின் கோபம் நேர்மையானது, லண்டனில் குடியேறிய இளைஞர்களின் தவிப்பு உண்மையானது, ஆனால் சங்கீதமாக எடை போட்டால் டப்ளினிலேயே தங்கிப் பழம்பாட்டைக் கிளறியவர்கள்தாம் இன்று முதலிடத்தில் நிற்கிறார்கள். இந்த வழியில் புதிதாக வருகிற வாசகர், முதலில் போக்ஸ் கோஷ்டியாரின் 1985ஆம் வருஷத்து இசைத்தட்டையும், அதன்பின் 'ஸ்கின்டி ஃபியா'வையும், அதன்பின் 'ஃபார் தி பீப்பிள்' தொகுதியையும் கேட்கட்டும். 'ஃபால்ஸ் லாங்கம்' கடைசியில் இருக்கட்டும், அதை வேலை செய்துகொண்டே கேட்க வேண்டாம். ஒன்றையே விலை கொடுத்து வாங்க முடியும் என்ற நிலையிலிருப்பவர் அதை மட்டும் வாங்கினால் போதும்.